ஜெனரல் பெரம்பலூருக்கு வந்த கதை

முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட இந்த ஊரில் ஒரு தளபதியின் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டியிருக்கிறது. சலூன் கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட படம். பர்மாப் போரில் பேர் வாங்கியவர். பிறந்தது இந்த ஊரில். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, ஜெனரல் என்றாலே போதும். நான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த நாலாம் மாதம் சலூன்காரர் கேட்டார், "இந்தியாக்காரர் நீங்கள். எங்கள் ஜெனரலைப் பார்த்ததுண்டா?" "பெரம்பலூரில் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை" என்றேன். சினிமாவில்தான் பார்த்தேன் என்பதை என் ஆங்கிலம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டே நாளில் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஜெனரலின் தகப்பனார் வீட்டை மியூசியமாக்கி நடத்துகிற அம்மாள் என்னைத் தேடி வந்து அழைத்துப் போனார். ஜெனரலின் மூக்குக் கண்ணாடி, தொப்பி, பாதி தேய்ந்த சோப்பு எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பூட்ஸில் ஒட்டியிருந்தது பர்மாச் சேறாம். கூட்டித் துடைக்கிறவருக்கு அதை மட்டும் தட்டக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் புனிதர்களின் எலும்புத் துணுக்கை இப்படித்தான் வைத்திருப்பார்கள். பழக்கதோஷத்தில் என் முழங்கால் மடங்கப் பார்த்தது. "பெரம்பலூரில் நான் பார்த்தது ஃபிலிம், அம்மா" என்று விளக்கினேன். "ஓ, ஃபிலிம் எடுப்பவர்களும் கூட வந்திருந்தார்களா!" என்று பூரித்துப் போனார். ஜெனரல் போரிட்ட இடங்களுக்கெல்லாம் குண்டூசி குத்திய வரைபடம் ஒன்று சுவரில் தொங்கியது. அம்மாள் பெரம்பலூருக்காகத் திருச்சிக்கு வடக்கே தாமே ஓர் ஊசியைக் குத்தினார்.

பெரம்பலூரில் நடந்தது இதுதான். யுத்தத்தின்போது என் அண்ணன் அருளப்பன் பர்மாவில் ரோடு போடுகிற பட்டாளத்தில் சேர்ந்து அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேறினார். ஒரு வருடம் கழித்து, காணவில்லை என்று தந்தி வந்தது. செத்தார் என்றிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். காணவில்லை என்றால் அண்ணி தாலியைக் கழற்றுவதா, வேண்டாமா? எங்கள் கோயில் பங்குச் சாமியார் இறந்தவர் பூசை வைக்கலாமா என்று கேட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் அரியலூர் டவுனில் யாரோ சொன்னார்கள், பெரம்பலூர் கொட்டகையில் படத்துக்கு முன்னால் யுத்தச் செய்தி காட்டுகிறார்கள், அதில் பர்மா ரோடு வேலை வருகிறது என்று.

வரதராஜன்பேட்டையிலிருந்து வண்டி பிடித்தும் பஸ் மாறியும் போய்ச் சேர்ந்தோம். அண்ணி அதற்கு முன் சினிமா பார்த்ததில்லை. திரையில் ஜெனரல் வந்தார், வரைபடத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சிகரெட் பற்ற வைத்தார். அவருக்குப் பின்னால் மண்கூடை சுமந்த ஆட்கள் வரிசையாகப் போனார்கள்.

"இந்தக் கெழவரு கொஞ்சம் நவுந்து நின்னா என்ன? பின்னால வர்றவங்க மூஞ்சே தெரியலயே" என்றார் அண்ணி.

வரிசையின் கடைசியில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் அரைக் கணம் திரும்பினார். அண்ணி என் தோளைப் பிடித்து அழுத்தினார். "தம்பி, அவுருதான். உங்க அண்ணன்தான்."

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மறுநாளும் இருந்து பார்த்தோம். எனக்கு அப்போதும் தெரியவில்லை. "ஆமா அண்ணி" என்றேன். ஊருக்குத் திரும்பியதும் அவர் நேரே சாமியாரிடம் போனார். "பூசையெல்லாம் வேண்டாங்க சாமி. அவரு இருக்காரு. கண்ணால பாத்துட்டு வந்தோம்." படம் எப்போது எடுக்கப்பட்டதோ என்று சாமியாருக்கும் தோன்றியிருக்கும். அவரும் தலையாட்டி அனுப்பிவிட்டார். யுத்தம் முடிந்தது, போனவர்கள் வந்தார்கள், அண்ணன் மட்டும் வரவில்லை. தாலி கழுத்திலேயே இருந்தது.

அதே செய்திப் படச் சுருள் இந்த மியூசியத்தின் அலமாரியில் இருந்தது. பூதக்கண்ணாடி கிடைக்குமா என்று கேட்டேன். ஜெனரலின் முகத்தை நெருக்கத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்து, அம்மாள் மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சுருளைப் பிடித்து, ஜெனரலைக் கட்டம் கட்டமாகக் கடந்தேன். துண்டு கட்டியவர் வந்தார். கொட்டகையில் மங்கலாகத் தெரிந்த முகம் இங்கே நன்றாகத் தெரிந்தது. அண்ணன் இல்லை. யாரோ ஒருவர், என்னைவிடச் சின்னவர், கழுத்து நரம்பு புடைக்க மண் சுமந்துகொண்டு போகிறார்.

"தெரிகிறாரா?" என்றார் அம்மாள்.

"இல்லை" என்றேன்.

அண்ணிக்கு எழுதுவதா, விடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். பெரம்பலூரில் நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒருத்தி இத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் உள்ளதை எழுதினேன். அண்ணி சொல்லச் சொல்லக் கோயில் உபதேசியார் எழுதிய பதில் கப்பலில் வந்து சேர்ந்தது.

"தம்பி, நீ மறைக்காம எழுதுனது நல்லதாப் போச்சு. எனக்கும் ரொம்ப நாளா சந்தேகந்தான், ஒன்னயக் கேக்க பயமா இருந்துச்சு. சாமிகிட்ட சொல்லிட்டேன். தவக்காலத்துக்கு முந்துன சனிக்கெழம விடியக்காலம் பூசை. அந்தப் படத்துல இருந்தவரும் யாரோ ஒரு பொம்பளைக்குப் புருசந்தானே, ஊரு திரும்புனாரோ என்னமோ. அவருக்கும் சேத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

அங்கே சனிக்கிழமை விடியும்போது இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கென்று பார்த்து, ஜெனரலைப் பற்றி ஹாலிவுட்டில் எடுத்த புதுப் படம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. நேரில் பார்த்தவன் என்ற மரியாதையில் எனக்கு முன்வரிசை இருக்கை. வர முடியாது என்று சொல்லத் தெரியாமல் போய் உட்கார்ந்தேன். மியூசியத்து பூட்ஸுக்குள் கட்டை விரல்கூட நுழையாத ஆறடி நடிகர் காட்டை வெட்டினார், மலையைப் பிளந்தார், ரோட்டைத் தாமே போட்டு முடித்தார். கூடை சுமந்தவர் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வரதராஜன்பேட்டையில் பூசைக்கு மணி அடித்திருப்பார்கள். அண்ணி கறுப்புச் சேலையில் முழங்காலிட்டிருப்பார்.

படம் முடிந்ததும் ஊரே எழுந்து நின்று கை தட்டியது. நானும் எழுந்து நின்றேன், கை தட்டவில்லை. இறந்தவர்களுக்கான செபத்தைத் தமிழில் வாய்க்குள் சொன்னேன், இரண்டு பேருக்காக. ஒருவர் பெயர் தெரியும், இன்னொருவர் முகம் மட்டும். பாதியில் கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற மியூசியத்து அம்மாள் தன் கைக்குட்டையை என் கையில் திணித்தார்.

"எனக்குப் புரிகிறது. ஜெனரல் உங்களுக்கும் சொந்தக்காரர்தான்" என்றார்.

நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை தட்டுகிறவர்கள் நடுவில் அந்தச் செபத்தை முடித்தேன்.