அக்காவின் கிறிஸ்துமஸ் கள்ளி

அக்காவின் ஓராண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு செடிதான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. அக்கா டைப்ரைட்டிங் பாஸ் செய்து, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் சேர்ந்து என்னை வளர்த்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "மொதல்ல இவ செட்டில் ஆவட்டும்" என்பார். நான் செட்டில் ஆகிற ரகமில்லை.

எழுபதுகளின் நடுவில், எங்கள் சபையில் இருந்த வெள்ளைக்கார டீச்சரம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது பூந்தொட்டிகளை எல்லோருக்கும் பங்கிட்டார். அக்காவுக்கு வந்தது கிறிஸ்துமஸ் கள்ளி. முள் கிடையாது. நண்டுக்கால் போலக் கணுக்கணுவாகத் தொங்கும். வந்தபோது நுனிக்கு நுனி சிவப்புப் பூ. அதற்கப்புறம் பூக்கவேயில்லை.

அக்கா விடவில்லை. மக்கின இலை போட்டார், இளவெயிலில் வைத்தார், மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டார். கிறிஸ்துமஸுக்குப் பூக்கிற செடி ஜெபத்தைக் கேட்டு வளரட்டும் என்று, குடும்ப ஜெபம் பண்ணும் மேஜையில், டியூப்லைட்டுக்கு நேர்கீழே அதற்கு இடம் கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் விளக்கு. ஜெபம், பாட்டு, பிறகு நான் படிப்பது, அவர் தைப்பது. செடி தளதளவென்றுதான் இருந்தது. மொட்டைத்தான் காணோம்.

"இன்னா டைப்பிஸ்டம்மா, உன் செடி லீவ் லெட்டர் குடுத்துட்டுதா?" என்பார் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் ஆபா.

"வரும் ஆபா. அதுக்குன்னு ஒரு வேளை இருக்குது."

"பிரியாணி அனுப்பறேன். அதையாவது சாப்ட்டுப் பூக்குதா பாரு."

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. என் அறை காலியானது. ஜன்னலில் ஏதாவது இருக்கட்டும் என்று அக்கா தொட்டியைத் தூக்கி அங்கே வைத்தார். ஆளில்லாத அறையில் எதற்கு விளக்கு? மழை மாதங்களின் நீண்ட இருட்டு முழுசாகச் செடிக்குக் கிடைத்தது. டிசம்பரில் லீவுக்கு வந்தேன். ஜன்னல் முழுக்கச் சிவப்பு.

"அதுக்கு இருட்டு வேணும் போலடி. நாமதான் லைட்டப் போட்டுத் தூங்கவுடாம வெச்சிருந்தோம்" என்று சிரித்தார் அக்கா. சிரிப்பு முடிவதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு வருஷம் வேலையை உதறிவிட்டு செப்டம்பரிலேயே வந்து நின்றேன். சாயங்காலம் அறையில் சுவிட்சைப் போடப் போனவள், செடியைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டி ஏதாவது கவிழ்த்து மூடட்டுமா என்று கேட்டேன்.

"வுடுடி. லைட்டப் போடு. போட்டுட்டு இப்டி வந்து உக்காரு."

அந்த டிசம்பரில் ஒரு மொட்டுகூட இல்லை. சபையில் கேட்டவர்களிடம், "வூட்ல ஆள் இருக்குது இல்ல, எப்டிப் பூக்கும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பெருமை முகத்தில்.

தை மாதம் மறுபடி கிளம்பிவிட்டேன். அதற்குப் பின் செடி ஒரு வருஷமும் தவறவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே தெரியும், பூத்திருக்கும் என்று. பூக்காமல் இருந்தால் தேவலை என்றிருக்கும்.

போன வருஷம் மழைக்காலம் முழுக்க அக்கா வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், தலைமாட்டில் நின்று ஜெபித்த சபையாருக்கும், கஞ்சியோடு பஸ் ஏறி வந்த ஆபாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும் என் நன்றி. அடக்கம் முடிந்து வீட்டைத் திறந்தேன். எந்த அறையிலும் விளக்கெரியாத அத்தனை நாட்கள். செடி அதுபோல் என்றைக்கும் பூத்ததில்லை.

இந்த மலரோடு ஆளுக்கு இரண்டு கணு கிள்ளி வைத்திருக்கிறேன். மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் பிறந்ததும், பொழுது சாய்ந்தபின் யாரும் விளக்குப் போடாத அறையில் வையுங்கள். அப்படி ஓர் அறை உங்கள் வீட்டில் இல்லையென்றால், சந்தோஷம். பூக்காவிட்டால் போகட்டும்.