எஸ்தர் அக்கா உடைத்த சமையல் மேடை

பனவடலிசத்திரத்தில் ஒரு வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் அறுத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்கா கடையில் வேலை பார்க்கும் மகேஸ்வரியின் போன் வந்தது. மெஷின் சத்தத்தில் இரண்டு முறை கேட்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தேன். "அண்ணாச்சி, அக்கா போயிட்டாவ. லோடு வண்டிக்காரன ஏசிக்கிட்டே உக்காந்தாவ, எந்திரிக்கல" என்றாள். மெஷினை அணைக்காமலே கீழே வைத்துவிட்டேன். அது துள்ளி, பாதி அறுத்த கல்லின் மூலையைப் பெயர்த்துவிட்டுச் சுவரில் முட்டி நின்றது. அக்கா பார்த்திருந்தால் பெயர்ந்த துண்டை எடுத்தே என்னை அடித்திருப்பார்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் கிரானைட் கடை நடத்திய எஸ்தர் அக்காவிடம் கல் வாங்கியவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரிடம் ஏச்சு வாங்கியவர்களும் படிப்பீர்கள். இரண்டும் ஒரே ஆட்கள்தான். நான் முருகையா. அவர் விற்ற கல்லை இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் பதித்தவன். செத்தவர்களைச் சாந்தசொரூபி என்று எழுதுவது நம் வழக்கம். அக்காவைப் பற்றி யாராவது அப்படி எழுதினால் நம்பாதீர்கள். லாரியிலிருந்து சரிந்த கல் ஒன்று அவருடைய இடது கையில் இரண்டு விரலை நசுக்கி எடுத்தபோது, ரத்தம் சொட்டச் சொட்ட முதலில் டிரைவரை ஓர் உதை விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கடைக்கு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல யாரு சமைக்கது? அவள கூட்டிட்டு வா" என்பதுதான். ஒருமுறை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டி, முகம் தெரிகிற கறுப்புப் பாலிஷ், முனை மட்டும் கத்தி மாதிரி சதுரமாக இருக்க வேண்டும் என்றார். அக்கா அவரை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டார். "ஏட்டி, தேங்காய எங்கன உடைப்ப?" அந்த அம்மா தயங்கி, "மேடை முனையிலதான்" என்றார். நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் வேறு இடத்தில் உடைக்கிறார்கள்? அக்கா உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து, சதுர முனை வைத்த மாதிரிக் கல்லில் ஓங்கி ஒரே போடு போட்டார். தேங்காய் உடைந்தது. முனையும் தெறித்தது. தெறித்த சில்லு அந்த மனிதரின் கன்னத்தைக் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது.

"இது உன் பொண்டாட்டி கண்ணுல பட்டா என்ன செய்வ?" என்று கேட்டுவிட்டு, அக்காவே மஞ்சள் எடுத்து வந்து கன்னத்தில் அப்பினார். பிறகு அக்கா சொன்ன கல்லையே அவர்கள் எடுத்துப் போனார்கள்: சொரசொரப்பான லெதர் பினிஷ், முனை உருட்டியது. நம் ஊர் உப்புத் தண்ணீர் கண்ணாடிப் பாலிஷில் வெள்ளை வெள்ளையாகப் படியும் என்பதையும் ஏசிக்கொண்டேதான் சொன்னார். "கல்லு அழகு கடையில ஒரு நாளு. வீட்டுல தெனமும் அது கூட மல்லுக்கட்டுதவ அவ" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

இனி எழுதப்போவதைச் சிலர் எழுத வேண்டாம் என்றார்கள். எழுதாவிட்டால் நான் எழுதுவதற்கு வேறு ஒன்றுமில்லை.

சிவகிரியில் புது வீடு கட்டிய ஒருவன் மனைவியோடு கடைக்கு வந்தான். அந்த மனைவிதான் மகேஸ்வரி. யார் சமைப்பது என்று அக்கா கேட்டதற்கு அவன் பதில் சொன்னான். என்ன கல் பிடிக்கும் என்று அவளைக் கேட்டதற்கும் அவனே பதில் சொன்னான். அவள் ஒரு கல்லைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியபோது சேலை விலகியது. முழங்கைக்கு மேல் நான்கு விரல் தடம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன். அவர்கள் போனதும் அக்கா என்னிடம், "ஏலே, முனைய நல்லா உருட்டிப் போடு. அவன் என்ன சொன்னாலும் கேக்காத" என்றார்.

நான் அவன் சொன்னதைக் கேட்டேன். பால் காய்ச்ச இரண்டு நாள்தான் இருந்தது. முனையை உருட்டி மெருகு போட ஒரு முழு நாள் வேண்டும். "அப்படியே சதுரமா விட்டுருங்க, அதான் நல்லாருக்கு" என்றான் அவன். நல்ல நாள் தவறிவிடக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கையை வைத்தால் அறுக்கும் முனையோடு கல்லைப் பதித்துவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவன் அவளுடைய கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். மேடையின் முனையில் மோதிப் புருவம் முதல் காது வரை கிழிந்தது. இடது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

கேள்விப்பட்ட அன்று அக்கா டீக்கடைக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. "தள்ளுனது அவன்தானக்கா, நானா?" என்றேன்.

"தள்ளுனவன் அவன். கூர் வச்சது நீ. ஏறுலே வண்டியில."

வண்டியில் சம்மட்டி கிடந்தது. சிவகிரி வீட்டில் இரு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். மகேஸ்வரி கண்ணில் கட்டோடு ஒரு மூலையில் இருந்தாள். அன்றே அவளை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக முடிவு. "அடுப்பு அணைஞ்சு கெடக்கு. வீட்டுக்கு ஒரு பொம்பள வேணும்லா" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா யாரையும் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போனார்.

முதல் அடி விழுந்ததும் வீடே அதிர்ந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய மூலையில் பார்த்து அடித்தார். கல் அங்கேதான் பலவீனம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது அடியில் மேடை இரண்டாகப் பிளந்தது. அடுப்பு கவிழ்ந்தது. அவன் ஓடி வந்து அவருடைய கொண்டையைப் பிடித்து இழுத்தான். அக்கா திரும்பிச் சம்மட்டிக் காம்பால் அவன் வாயில் குத்தினார். இரண்டு பல் ரத்தத்தோடு தரையில் விழுந்தது. பிறகு நான் அவன் மேல் பாய்ந்தேன். எத்தனை அடி அடித்தேன் என்று தெரியாது. அவன் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிய பிறகும் அடித்தேன். அக்காதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து எறிந்தார்.

"போதும்லே. உன் பாவத்த அவன் மூஞ்சில கழுவாத."

பிறகு மூச்சிரைக்க மகேஸ்வரியிடம் வந்தார். "ஏட்டி, சமைக்க இடமில்ல. இனி உன்ன எதுக்குக் கூப்பிடுதாவன்னு இவங்ககிட்டயே கேளு." அவள் கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுந்து வெறுங்காலோடு கல் சில்லுகளின் மேல் நடந்து எங்கள் வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் பாதத்திலிருந்து ரத்தம். அவன் மேல் ஒரு வழக்கு, எங்கள் மேல் ஒரு வழக்கு என்று இரண்டும் நடந்தன. அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் வந்து, நீதிமன்ற வாசலிலும் யாரையாவது ஏசிவிட்டுத்தான் போனார்.

அன்று முதல் மகேஸ்வரி கடையில்தான். ஒற்றைக் கண்ணால் கல்லைப் பார்ப்பாள், தட்டிச் சத்தம் கேட்பாள், அக்காவைவிடக் கறாராக ஏசுவாள். அக்கா எனக்கு மறுவாரமே வேலை கொடுத்தார். சிவகிரியைப் பற்றி அதற்குப் பின் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை. தினமும் கேட்க நினைத்தேன், தினமும் கல்லைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கல்லறைத் தோட்டத்து வாசலில் மகேஸ்வரியிடம் கேட்டேன். "அக்கா என்னையப் பத்தி எதாவது சொன்னாவளா? கோபம் போயிட்டுன்னு எதும்?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அக்கா ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நீங்க கேக்க வேண்டிய ஆளு அவியளும் இல்ல. ஆறு வருசமாக் கூடவே வேல பாக்கேன், என்கிட்ட ஒரு தடவ கேட்டீயளா?"

அங்கேயே, அந்தப் புழுதியில் நின்றபடி கேட்டேன்.

"இல்ல. நான் மன்னிக்கல" என்றாள். ஓர் எட்டு வைத்தவள் திரும்பி, "நாளைக்குக் கரிவலத்துல மேடை வேல. எட்டு மணிக்குள்ள வந்துருங்க" என்றாள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். மன்னிப்புக் கிடைக்காதவனும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அந்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். ஏழே முக்காலுக்குப் போய் நின்றேன்.