கந்தளாய் மெஷினில் போட்ட காசு

கிண்ணியாவில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினிகளை ஓடவிட்டுச் சேர்த்த கிரிப்டோ நாணயங்களை விற்க, கட்டணம் குறைவென்று, இணையத்தில் நேரடியாக வாங்குபவர் ஒருவரைப் பிடித்தேன்.

"நானா, கந்தளாய் பேங்க்ல காசு போடுற மெஷினில காசு போட்டுட்டன். சிலிப்பைப் பாத்துட்டு காயினை விடுங்க" என்று வைப்பு ரசீதின் படத்தை அனுப்பினார். வங்கி, கிளை, நேரம் எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பப் போன நேரம், கந்தளாயில் படிப்பிக்கும் என் மனைவி அழைத்தார்.

"காசு போட வந்தனான், ஏலாதாம். நம்மட பேங்க் மெஷின் காலையிலிருந்தே பழுது."

சிலிப்பில் இருந்ததும் அதே மெஷின்தான். "எந்த மெஷினில போட்டீங்க தம்பி?" என்று கேட்டேன். என் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன்; ஒரு சதமும் வந்திருக்கவில்லை, நாணயத்தை விடவில்லை.

இப்போதும் அப்படித்தான், குறைந்த கட்டணத்தில் விற்கிறேன். ஆனால் என் கணக்கைத் திறந்து, காசைக் கண்ட பிறகுதான் நாணயத்தை விடுவேன். மெஷின் எந்நாளும் எனக்காகப் பழுதாகாது.