நடேசன் அண்ணையின் மலைப் பூ

போன செவ்வாய்க்கிழமை காலை, கனடாவின் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ரதி அக்காவின் அழைப்பு வந்தது. “தம்பி, அவர் போயிட்டார்.” அவருடைய கணவர், பல வருடங்களாக எனக்கு அடுத்த மேசையில் நின்று வேலை செய்த நடேசன் அண்ணை, காலமாகிவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர் முதலில் சுவிஸில், ஒரு மலை விடுதியில் கோப்பை கழுவினார். பின்கதவைத் திறந்தால் புல்வெளியெங்கும் குட்டி வெள்ளைக் குடைகளாக ஒரு பூ. கரட் செடியின் குடும்பமாம், இலையும் பூவும் பெருஞ்சீரகம்போல மணக்குமாம். “அந்த மணம் பிடிச்சாத்தான் எனக்கு மூச்சே வரும்” என்பார். கனடா வந்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கியதும் எல்லாரும் ரோசா நட, அண்ணை அந்த மலைப் பூவுக்கென்று முற்றத்தில் கல்லைக் குவித்தார்.

குளிரில் கிடந்தால்தான் முளைக்கும் என்று, விதையைப் போத்தலில் போட்டுப் பிரிட்ஜில் வைத்தார். ரதி அக்கா அதைப் பெருஞ்சீரகம் என்று நினைத்து மிளகாய்த்தூளுக்கு வறுத்துவிட்டார். அண்ணை ஏசவில்லை. அந்தத் தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறியை வேலைக்குக் கொண்டுவந்து, “வடிவாச் சாப்பிடுங்கோ, அல்ப்ஸ் மலையெல்லே உள்ளுக்குப் போகுது” என்று எங்களுக்கும் பகிர்ந்தார்.

மறுபடி விதை எடுப்பித்தார். வருடக்கணக்காக வெறும் இலைதான். இந்தக் கோடையில், அண்ணை கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, ஒரேயொரு தண்டு பூத்தது. பறிக்காமல் விட்டால் விதை கிடைக்கும். ஆனால் அதுவரை அவர் இருக்க மாட்டார். படம் எடுத்துக் காட்டலாமே என்றேன்.

“படத்தில மணம் வருமே, தம்பி?” என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

நான்தான் காரில் கூட்டிப்போனேன். அண்ணை பூவை மூக்கருகில் வைத்தபடி நெடுநேரம் கிடந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“அண்டைக்கு வறுத்தீர், இண்டைக்குப் பறிச்சிட்டீர். உம்மளிட்டயிருந்து என்ர விதை தப்பாதப்பா.”

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

நேற்று அவர்களின் வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணிக்குப் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன். அதே போத்தல், கழுவித் துடைத்து, வெறுமையாகப் பழைய இடத்தில் இருந்தது.

“வேர் மண்ணில கிடக்குதுதானே. வாற வருஷம் பூக்கும்” என்றார் அக்கா.

போய் வாருங்கள், அண்ணை. அந்தப் போத்தலில் இனி யாரும் கை வைக்க மாட்டோம்.