எடைக்கு எடை வெல்லம்

அவித்த நிலக்கடலை வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்குக் கன்னம் கூசுகிறது. பஸ் ஸ்டாண்டில், ரயிலடியில், போன மாதம் ஒரு கல்யாண வீட்டு வாசலில். உப்புத் தண்ணீரில் வெந்த தோல், ஈர மணல், பீடிப் புகை, இந்த மூன்றும் சேர்ந்தால் கீரமங்கலத்து டென்ட் கொட்டகை. தரை டிக்கெட். மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள். பெண்களுக்கு நடுவில் நான். எனக்குப் பக்கத்தில் அவள்.

அவள் என் பெரியம்மா மகள், ஒரு வயது மூத்தவள். கொடும்பாளூருக்குப் பக்கம் அவர்கள் ஊர். அங்கே எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாததால் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். வந்த நாளிலிருந்து தெருவுக்கே கண் அவள் மேல்தான். அப்போதெல்லாம் கதாநாயகிகள் பூசினாற்போல இருப்பார்கள். உருண்ட தோள், கையை இறுக்கும் ரவிக்கை, சிரித்தால் குழியும் கன்னம். அவளும் அப்படியே. மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் சத்தமாகச் சொல்வார்.

"சினிமாக்காரி வந்தாச்சு, வழிய விடுங்கப்பா. கூட யாரு? வெளக்குமாத்துக் குச்சியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தக் கன்னம் குழியும்.

எனக்கு அந்தக் கன்னம் வேண்டும். கொட்டகையில் வாங்கிய கடலையை மடியில் முடிந்து வந்து, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொள்வேன். உப்பியிருக்கும், உப்பு கரிக்கும், கொஞ்ச நேரம் நானும் சினிமாக்காரி. பிறகு மெல்லாமல் முடியாது. மென்றால் பழைய முகம். சதை வைக்க வேண்டும் என்று உளுந்தங்களி தின்றேன், ஊறிய பச்சரிசி தின்றேன், மாட்டுக்கு வைத்த புண்ணாக்கைக்கூட ஓரம் பிட்டுத் தின்றேன். வயிற்றில் பூச்சி என்று அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். எல்லாம் போயிற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புதுப் படம் வந்தது. மாட்டு வண்டியில் கொட்டடித்து ரோஸ் நோட்டீஸ் வீசினார்கள், ஓடிப் பொறுக்கினோம். படத்தில் புது நடிகை. இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில். "புடிச்சா ஒடிஞ்சுரும்டா!" என்று எவனோ கத்தினான். பக்கத்தில் அவள் கடலை தின்பதை நிறுத்தினாள். இருட்டிலும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கடைக்காரர் அவளிடம், "என்னத்தா, ஒன்ன மாதிரி ஆளுக்கு மவுசு போச்சே. இனிமே ஒல்லிதான் ஓடும். நீயும் கொஞ்சம் வத்தணும் போலருக்கே" என்றார்.

நான் முன்னால் நகர்ந்து நின்றேன். என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது ஒல்லி, தாயி. ஒனக்கு இருக்கிறது பஞ்சம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தன் தட்டுச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளினாள். அம்மா பூரித்துப் போனாள். "தங்கச்சி மேல எம்புட்டுப் பாசம் பாரு." மறுநாளும் தள்ளினாள், அதற்கடுத்த நாளும். பாதி முக்காலாயிற்று. மீன் குழம்பு வைத்த நாளில் வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தாள். நான் எல்லாவற்றையும் தின்றேன். எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அவளுக்கோ உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது.

கரைந்ததும் தெரு வேறு பாட்டுப் பாடியது. "இப்பத்தான் லட்சணமா இருக்கா. அச்சு அசலா புதுசா வந்தவளேதான்." இரண்டு உடம்பும் அவளுக்கே வாய்த்தன. எனக்கு ஒன்றுகூட இல்லை.

அவள் டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் அந்த ரோஸ் நோட்டீஸைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் மூடியைத் திறப்பாள். தலை ரிப்பனால் இடுப்பை அளப்பாள், படத்தைப் பார்ப்பாள், மூடுவாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாதம் வந்தால் ஒதுங்கி உட்காருவதும் நின்றுபோயிற்று. ஒருநாள் தண்ணீர் சேந்தும்போது கயிறு நழுவி, கிணற்றடியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள், கஷாயம் காய்ச்சினாள். கஷாயத்தை மட்டும் என் பக்கம் தள்ளவில்லை. வாழை மரத்தடியில் ஊற்றினாள்.

அவள் செத்துப்போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே நிமிஷம் அவள் இடுப்பைத்தான் பார்த்தேன்.

சின்ன வயதில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் எடைக்கு எடை வெல்லம் செலுத்துவதாகப் பெரியம்மா எங்கள் பக்கத்து அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பெண் கேட்டு ஆள் வரத் தொடங்கியதும் கடனை முடிக்கக் கிளம்பினாள். பொங்கலுக்குப் பார்த்த மகளை மனத்தில் வைத்து, கண் மதிப்பில் வெல்லம் வாங்கிச் சாக்கில் கட்டி, பஸ்ஸிலிருந்து நேரே கோயிலுக்கு வந்து இறங்கினாள். மகள் பட்டுப் பாவாடையும் தாவணியுமாகச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"என்னடி, மொகம் வத்திக் கெடக்கு?"

"பரிச்சைக்கு முழிச்சுப் படிக்கிறா அக்கா" என்றாள் அம்மா.

கடலை மண்டியிலிருந்து இரவல் வாங்கிய பெரிய தராசு தொங்கியது. அவள் ஒரு தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெரியம்மா மறு தட்டில் வெல்லத்தை அடுக்கினாள். மஞ்சள் வெல்லம், வாசனை தூக்கியது. சாக்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் கிடக்கும்போதே, அவள் உட்கார்ந்த தட்டு மெல்ல மேலே எழுந்தது. கூட்டம் சும்மா இருக்குமா?

"அந்தக் குச்சியையும் சேத்து ஏத்துங்கப்பா, சரியாப் போகும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. கையில் வெல்லத்தோடு மேலே எழுந்த மகளையே பார்த்தாள்.

"இன்னிக்கு என்ன எடையோ அதான் கணக்கு. ஆத்தா ஏத்துக்குவா" என்றார் பூசாரி.

"எம்புள்ளைய முழுசா நேந்தேன் சாமி. பாதியக் குடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள் பெரியம்மா. தட்டிலிருந்து மகளை இறக்கினாள். இறக்கியபோது கையில் தட்டுப்பட்ட எலும்பு அவளுக்கு மிச்சத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "இவள ஊருக்குக் கூட்டிப் போறேன். மறுபடி எடைக்கு வரட்டும், அப்ப வாரேன்."

நான் மிச்சச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தட்டிலிருந்து என் தட்டுக்கு வந்ததெல்லாம் அதற்குள் கிடப்பது போலிருந்தது. எனக்கும் ஒரு வருஷம் அதே காய்ச்சல் வந்தது. என் எடைக்கு யாரும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. இப்போதுகூட, எழுதும் இந்த நேரத்தில்கூட, அந்தத் தராசில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்காக யாரோ எதிர்த் தட்டில் அடுக்க வேண்டும், போதாமல் தவிக்க வேண்டும்.

மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, பெரியம்மா ஒரு வெல்லத்தை உடைத்து மகள் கையில் திணித்தாள். அவள் தின்னவில்லை. மூடிய விரலிடுக்கில் பாகு கசிந்தது. ஜன்னல் கம்பிக்கு இங்கிட்டு நான்.

"அடுத்த வாரம் படம் மாத்துறாங்களாம். அந்த நோட்டீஸ்காரிதான் நடிச்சிருக்காளாம்" என்று என் காதருகே சொன்னாள். "எளைச்சிருக்காளா, பூசுனாப்பல ஆயிட்டாளா, அத மட்டும் எழுதிப் போடு."

பெரியம்மா ஆயிரம் ஊட்டினாலும் அவள் என் கடுதாசியைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பாள் என்று புரிந்தது. பூசினாற்போல என்று எழுதினால் அந்தக் கன்னம் மறுபடி குழியும். இளைத்திருக்கிறாள் என்று எழுதினால் குழியாது. முதல் தடவையாக அவளுடைய கன்னம் என் கையில் இருந்தது.

"எழுதுறேன்" என்றேன்.

பஸ் நகர்ந்தது. அவள் ஒட்டும் விரலால் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"பொய் எழுதாதடி."