ஞாயிற்றுக்கிழமை லாவெண்டர்

ஊதா மூடி போட்ட போத்தல் அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூடியைக் கழற்றி ஒரு தரம் அமுக்கினால் புகைபோல ஒரு தூறல் வந்து படுக்கை விரிப்பில் படியும். முதன்முதலாக அதை மணந்தபோது, பெரிய இடத்து வாழ்க்கை இப்படித்தான் மணக்கும் போல என்று நினைத்தேன். இன்றைக்கு அந்த மணம் எனக்கு ஆகாது. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் புதிதாக வந்த ஒருத்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் லாவெண்டர் எண்ணெய் ஊற்றி, அதில் குச்சிகளைச் செருகித் தன் மேசையில் வைத்தாள். எல்லோரும் மூக்கை நீட்டி நல்ல வாசம் என்றார்கள். நான் எழுந்துபோய் யன்னலைத் திறந்துவிட்டேன். என்ன அக்கா, ஒத்துவராதோ என்று கேட்டாள். ஓம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீடு விசுவமடுவில். அப்பாவைப் பெற்றவர்கள் மலையகத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. நான் வவுனியாவில் கம்பஸுக்குப் போனபோது அம்மா என் புத்தகப் பையைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத் தந்தார். இரண்டாம் வருடம் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. தினமும் பேருந்தில் போய்வருவதென்றால் படிப்பை விட்டுவிடுவதற்குச் சமம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, நகரத்தின் ஓரத்தில் ஒரு வீட்டில் முன் அறை கிடைத்தது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்காலமாக அங்கே இருக்கும் குடும்பம். ஐயா அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்ரி வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர். ஒரே மகள் கனடாவில்.

நான் போவதற்குச் சில மாதங்கள் முன்பு ஐயா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இந்த வயதில் வெட்டிக் கொத்த வேண்டாம் என்று சத்திரசிகிச்சை செய்யாமல் கூட்டிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து பின்னறைக் கட்டில்தான். வாய் மட்டும் நன்றாக ஓடும். அன்ரிக்கும் அறுபது தாண்டிவிட்டது, மெலிந்த உடம்பு. ஐயாவைக் கட்டிலில் தனியே புரட்டும் பலம் அவாவிடம் இல்லை. புரட்ட இயலாததை எல்லாம் அவா மணத்தால் ஈடுசெய்தார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பொழுதுபடும் மைம்மலில் நொச்சி இலைப் புகை. பாய்க்கடியில் வேப்பிலைக் கொத்து. ஐயாவின் தலைமாட்டில் துளசி. இவை போதாதென்று மகள் அனுப்பிய பெட்டியில் லாவெண்டர் வந்தது. விசிறும் போத்தல், சின்னச் சின்னப் போத்தல்களில் எண்ணெய், காய்ந்த பூவை அடைத்துத் தைத்த துணிப் பொட்டலங்கள். தலையணையில் மூன்று சொட்டு விட்டால் அப்பா நல்லா நித்திரை கொள்ளுவார் என்று மகள் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். அதற்கான ஆயத்தம் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். வெள்ளைத் தலையணை உறை மாற்றி, ஐயாவுக்குத் தலை சீவி, விபூதி பூசுவார் அன்ரி. போனைப் பிடிப்பது என் வேலை. அதற்கு முன் மணம் விசிறுவதும் என் வேலை. "பிள்ளை, ரெண்டு தரம் அடிச்சுவிடு. முகத்தை மட்டும் காட்டு, என்ன. உனக்குத்தானே உதெல்லாம் தெரியும்" என்பார். அந்த வீட்டில் என்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்திருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. கனடாவில் இருப்பவளுக்கு மணம் எப்படிப் போகும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஐயா யோசித்தார். முதல் நாள் நான் விசிறியதும் மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, செத்தவீட்டுக்கே வந்தனி?"

எனக்கு விளங்கவில்லை.

"இல்லை, ஓடிக்கொலோன் மாதிரி மணக்குது. பெட்டி வந்திட்டுதோ எண்டு கேட்டனான்."

எங்கள் பக்கத்தில் பிரேதத்தைக் கிடத்தியதும் முதலில் தெளிப்பது ஓடிக்கொலோன்தான். அன்ரி வாசலில் நின்று "விசர்க் கதை கதையாமல் கிடவுங்கோ" என்று ஏசினார். "கிடக்கிறதைத் தவிர வேற என்ன செய்யிறன்" என்றார் ஐயா. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் லாவெண்டருக்கு அடியிலிருந்து இன்னொரு மணம் எழும்பத் தொடங்கியது. இறைச்சியை வெயிலில் மறந்துவிட்ட மாதிரி, இனிப்பும் அழுகலும் கலந்த ஒன்று. அது கூடக்கூட அன்ரி லாவெண்டரைக் கூட்டினார். இரண்டும் சேர்ந்து நடுவீடு வரை வந்தன. என் புத்தகங்களில் மணந்தன. சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் வெளிப்படியில் இருந்து சாப்பிட்டேன். பின்னறைக்குப் போகும்போது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஐயா அதைக் கண்டிருக்கிறார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அன்ரி ஒரு பூப்பொட்டலத்தைத் தந்து, "உன்ர கை மெல்லிசு, ஐயான்ர முதுகுக்குக் கீழ தள்ளிவிடு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். விரலில் ஈரம் பட்டது. கிணற்றடிக்கு ஓடிப்போய் நாலு தரம் சவர்க்காரம் போட்டேன். என்ன ஈரம் என்று திரும்பிவந்து பார்க்கவில்லை. ஒன்றரைக் கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமைதான் பார்த்தேன்.

அன்றைக்கு விரிப்பை மாற்ற இருவருமாக அவரைச் சரித்தோம். ஐயா அலறினார். முதுகின் அடியில், நாரிக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குச் சதை இல்லை. குழி. பொட்டலம் நைந்து கிழிந்து, பூ முழுவதும் அந்தக் குழிக்குள் ஒட்டிக் கிடந்தது. ஊதா நிறம் போய்க் கறுத்துப்போயிருந்தது. கட்டில் காலிலிருந்து எறும்புகள் ஒரு வரிசையாக அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. அன்ரி எண்ணெய்ப் போத்தலை எடுத்து அதன் மேலேயே சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார். ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார்.

"அன்ரி, விடாதேங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றேன்.

"பூவில எடுத்த எண்ணெய், ஒண்டும் செய்யாது. ஆஸ்பத்திரியில கிடத்தினால் ஊர்ச்சனம் எல்லாம் வந்து பாக்கும். இவ்வளவு காலம் பாத்தனான், கடைசியில மனுசனை அழுகவிட்டவள் எண்டு கதைக்கும். மகளுக்குத் தெரிஞ்சால் இவரைக் கொண்டுபோய் எங்கையும் வயசுபோனவையின்ர மடத்தில விட்டிடுவாள்." பிறகு என்னைப் பாராமலே சொன்னார்: "உனக்கு மணம் ஒத்துவரேல்லையெண்டால் சொல்லு பிள்ளை. அறைக்கு வேற பிள்ளையளும் கேட்டவை."

அறையை விட்டால் படிப்பு போய்விடும் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் என்ன போகும் என்பதையும் கண்ணால் கண்டுவிட்டேன்.

மறுநாள் பத்து மணி. தலையணை உறை மாற்றியாயிற்று, விபூதி பூசியாயிற்று. போத்தலை எடுத்து அன்ரி சொன்னபடி இரண்டு தரம் விசிறினேன். மகள் வந்தாள். "அப்பா, எப்பிடி இருக்கிறியள்?"

"வாசமா இருக்கிறன் மோனை" என்றார் ஐயா.

அவள் சிரித்தாள். அன்ரியும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனார். நான் குனிந்து, "ஐயா, காட்டட்டே?" என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டி யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துத் தன் உடம்பைத் தானே இழுத்துச் சரித்தார். நான் துணியை விலக்கிப் போனைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"என்ன தங்கச்சி அது, நிலமே? படம் வடிவா விழேல்லை" என்றாள் அவள்.

"உங்கட அப்பான்ர முதுகு அக்கா."

அவள் போட்ட கூச்சலில் அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தார். போனைப் பறித்தார். மகள் அழுதுகொண்டே ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்துவது கட்டில் விரிப்பில் விழுந்து கிடந்த போனிலிருந்து கேட்டது. அன்ரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்க இடம் குடுத்தன். என்ர வீட்டையே நாறடிச்சுப்போட்டாய். உங்கட ஆக்களை உள்ளுக்கு விட்டது என்ர பிழை."

இவ்வளவு நாறிய வீட்டில், தோட்டத்திலிருந்து வந்தவர்களைக் குறித்த ‘உங்கட ஆக்கள்’ என்ற அந்தச் சொல்தான் எனக்கு எல்லாவற்றையும் விட நாறியது. அன்றே பெட்டியைக் கட்டினேன். அந்த வருடம் முழுவதும் விசுவமடுவிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் போய், பாதி விரிவுரைகளைத் தவறவிட்டு, ஒரு பாடத்தை மறுபடி எழுதிப் பட்டம் எடுத்தேன். படிப்பு போகவில்லை. ஐயா இரண்டு மாதங்களுக்கு மேல் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தார். புண் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டுவந்ததாம். பிறகு நெஞ்சில் சளி கட்டி இறந்தார். அன்ரியை வில்லி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவாவுக்கு வெட்கம் இருந்தது, பயம் இருந்தது, உதவிக்கு ஒரு கை இல்லை. எனக்கு இரண்டு நல்ல கைகள் இருந்தன. அதனால்தான் அவாவை நினைக்கும்போது வராத குமட்டல் என்னை நினைக்கும்போது வருகிறது.

ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே ஞாயிறு பின்னேரம், ஊருக்குப் பேருந்து ஏறுமுன் நானும் கூடப் போயிருந்தேன். தாதி ஒருத்தி அவரைச் சரித்துவிட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றி, சிறு கவ்வியால் கறுத்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டாள். மூக்கைப் பொத்தவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"இதென்ன, சீரகமே?"

"பூ மிஸ்" என்றேன்.

"ஆர் இதுக்குள்ள பூ வைச்சது?"

அன்ரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா கண்ணை மூடியிருந்தார்.

"நான்தான்."

தாதி தலையை நிமிர்த்தினாள். என் தோளில் தொங்கிய புத்தகப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"படிக்கிற பிள்ளையே?"

பையைத் தோளிலிருந்து இறக்கி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன்.