சுண்ணாம்பு வட்டம்

எங்கள் தெருவை அழகுபடுத்தப் போவதாக முனிசிபாலிட்டி தண்டோரா போட்டபோது நான் சிரித்துவிட்டேன். பாலாற்றங்கரையில், தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு நடுவில் கிடக்கிற தெரு அது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் விருந்தாளிகள் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்கள். அதைப் பூச்செடி வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. கலெக்டர் துரை பார்வையிட வருகிறார் என்பதுதான் உள் விஷயம்.

ஆனால் டவுன்ஹாலில் திட்டத்தைப் படித்துக் காட்டியபோது எனக்கே கொஞ்சம் ஆசை வந்தது. குப்பைமேட்டை அகற்றுவது, சாக்கடைக்குக் கல் மூடி போடுவது, இரண்டு பக்கமும் புங்கங்கன்று நடுவது, இடிந்த குட்டிச்சுவர்களை எடுத்துத் தெருவை நேராக்குவது. அதோடு, பழையதாகவும் பிரயோஜனமாகவும் இருப்பதை அப்படியே காப்பாற்றுவது. கூலியாட்கள் கிடையாது, ஊர்க்காரர்களே தொண்டாக வந்து செய்ய வேண்டும் என்றார்கள். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். பேர் கொடுத்தேன். எனக்கு முன்னால் பேர் கொடுத்திருந்தவர் என் அப்பா.

அப்பாவுக்குத் தெரு அழகில் துளி அக்கறையும் கிடையாது. மளிகைக்கடை வைத்திருந்தார். கடை வாசலையே நாங்கள் நச்சரித்தால்தான் பெருக்குவார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கடைக்கு எதிரே, தெருமுனையில் நின்ற சுமைதாங்கி.

அது என் அக்காவுக்கு வைத்த கல். அக்கா நிறைமாதத்தில், பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே போய்விட்டாள். அப்படிப் போகிறவள் இறக்கி வைக்காத பாரத்தோடு அலைவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்தி, நெஞ்சு உயரத்துக்குச் சுமைதாங்கி வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் கைலாகு கொடுக்க ஆள் தேடாமல் அதில் மூட்டையை இறக்கி இளைப்பாறலாம். ஒவ்வொருவர் இறக்கும்போதும் செத்தவளுக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், பகலில் இல்லை என்பேன். அம்மாவுக்கு முழுசாக உண்டு. கூட்ஸ் ஷெட்டிலிருந்து தோல் கட்டு தூக்கி வருகிறவர்கள், ஆவாரம்பட்டை சுமந்து வருகிற பெண்கள், எல்லாரும் அங்கே நிற்பார்கள். அம்மா கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது மூட்டையை இறக்கிவிட்டு "அப்பாடா" என்றால் அவள் முகம் தெளியும். மகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்தவள் போல இருப்பாள்.

தெருவை நேராக்கினால் அந்தக் கல் நடுவழியில் வந்துவிடும். அதற்காகத்தான் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு டவுன்ஹாலுக்கு வந்தார். கூட்டத்தில் பேசியறியாத மனுஷன். எழுந்து நின்று, "அது எங்க பொண்ணுங்க" என்றார். அதோடு உட்கார்ந்துவிட்டார். சேர்மன் ஓவர்சியரைப் பார்த்தார். பாதையை அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம் என்றார் ஓவர்சியர். முனிசிபாலிட்டி மேல் எனக்கிருந்த இளக்காரமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

எங்களைப் போன்ற வாத்தியார், குமாஸ்தாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு, முதலாளிமார் தொழுகைக்குப் போகிற நாள். ஆகவே தொண்டர்கள் இரண்டு கூட்டமானார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் தெருவைப் பார்த்துக் குறி போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்காரர்கள் கடப்பாரை மண்வெட்டியோடு வந்து வேலையை முடிக்க வேண்டும். இரண்டு கூட்டமும் ஒரு தரம்கூடச் சேர்ந்து உட்காரவில்லை. அதற்கு லீவு மட்டும் காரணமில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"எதெல்லாம் இருக்கணுமோ அதும்மேல சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டுடுங்க. மத்தத எடுத்துடலாம்" என்றார் ஓவர்சியர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊரில் இல்லை. கலவை என்கிற ஊரில் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் பூவரச மரத்துக்கும் பொதுக்கிணற்றுக்கும் உள்ளங்கை அகலத்தில் வட்டம் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். சுமைதாங்கியிடம் நானும் அப்பாவும் மட்டும் நின்றோம். அப்பா கடையிலிருந்து தானே சுண்ணாம்பு குழைத்து எடுத்து வந்திருந்தார். பலகைக்கல்லின் அகலம் முழுக்க ஒரு வட்டம் போட்டார். அது காயும்வரை காத்திருந்து, அதன்மேலேயே இன்னொரு தரம் பூசினார்.

"போதும்ப்பா, கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும்."

"இர்றா. வர்றவன் அவசரத்துல பாக்காம போய்ட்டான்னா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் தெருமுனைக்கு வந்தேன். சுமைதாங்கி இல்லை. பூவரச மரம் விழுந்து கிடந்தது. கிணற்றுச் சுவரில் பாதி போயிருந்தது. எடுக்க வேண்டிய குட்டிச்சுவர் மட்டும் ஜம்மென்று நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த ஷாப்பு மேஸ்திரியிடம் கத்தினேன்.

"நீங்க போட்ட குறிதானே வாத்தியாரே" என்றார் அவர், நிஜமாகவே திகைத்துப்போய். "ஷாப்புல தோலப் பிரிச்சுப் பாக்கும்போது ஓட்டை, உண்ணி கடிச்சது, கத்தி பட்டது எங்க இருக்குதோ அதச் சுத்தி வட்டம் போடுவாங்க. வட்டம் போட்டா வெட்டிக் கடாசிடணும். இங்க இருக்கறதுலயே இதுக்குத்தான் பெரிசா போட்டிருந்துது. அதான் மொதல்ல இத எடுத்தோம்."

"ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"தெனம் அதுல சுமை எறக்கறவங்களே நாங்கதான். யாருக்கும் மனசு வர்ல. கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுட்டுதான் தள்ளினோம். படிச்சவங்க போட்ட குறி, இன்னான்னு போய்க் கேக்கறது?"

அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அவர் கேட்க வந்திருந்தால் மதித்து நின்று பதில் சொல்லியிருக்கக்கூடியவர்கள் எங்கள் கூட்டத்தில் எத்தனை பேர்? பலகைக்கல் உடைந்து, அதற்குள் துண்டு துண்டாகச் சாக்கடைமேல் மூடியாகியிருந்தது. சுண்ணாம்பு இன்னும் அதில் வெள்ளையாக இருந்தது.

அப்பா வந்து கேட்டுக்கொண்டார். மேஸ்திரி சொன்னதை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார். பிறகு, "சரி விடு, அவங்கள ஒண்ணும் சொல்லாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தப் போனார். கலெக்டர் துரை கடைசி வரை வரவே இல்லை. வேலூரிலேயே வேறு வேலை வந்துவிட்டதாம்.

ஓவர்சியர் நல்ல மனுஷன். புதுக்கல் வைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்தார். கலவையிலிருந்து திரும்பியிருந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "செத்த பொண்ணுக்கு ரெண்டு தரமா கல்லு வெப்பாங்க?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அப்பா சாப்பிட உட்காருவார். அம்மா பரிமாறிக்கொண்டே, "எந்தப் பாவி கை அந்த வட்டத்தப் போட்டுதோ, அந்தக் கை அழுகிப் போவணும்" என்பாள். அப்பாவின் கையில் சோறு இருக்கும். ஏதோ முனிசிபாலிட்டி ஆள்தான் போட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். "விடும்மா" என்று நான் குறுக்கே விழுந்தால் அப்பா கண்ணாலேயே என்னை அடக்குவார். சாபத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே விழுங்கிவிட்டு எழுந்து போவார். மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் அது நிற்கவில்லை. எனக்கு அந்த வீட்டில் சாப்பிடவே பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அம்மா அதே வார்த்தையைச் சொன்னபோது அப்பா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"நான்தாண்டி போட்டேன். தெரியாம போய்டப் போவுதேன்னு ரெண்டு தரம் போட்டேன்."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அதற்கப்புறம் அவள் யாரையும் சபிக்கவில்லை. அக்காவைப் பற்றியும் பேசவில்லை. அவளுக்குப் பிடித்த பலகாரம், அவள் கட்டிய புடவை, அவள் பிறந்த மாசம், எதுவும் அம்மா வாயில் வரவில்லை. திட்டு இருந்தவரைக்கும் அதிலாவது அக்கா இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல், ஏதாவது சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.